வெள்ளாமை இல்லாத இருநூறு நாள்

தாலுகாவிலும் ஒன்றியத்திலும் இருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



போன மாதம் ஒரு பட்டா விஷயமாக ஆட்சியர் அலுவலகம் போயிருந்தேன். மரத்தடியில் நீங்கள் ஏழெட்டுப் பேர் வண்டிகளை நிறுத்திவிட்டு நின்றிருந்தீர்கள். உங்களுக்கு என்னைத் தெரிய வாய்ப்பில்லை. உங்களில் ஒரு தங்கை பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. "நம்ம ஏரியாவுல ஒண்ணுமே நடக்க மாட்டேங்குதுண்ணே. டெஸ்க்ல இருந்து போன் வந்தா என்னத்தச் சொல்ல?"

முதுகுளத்தூரிலிருந்து முப்பத்து மூன்று வருஷம் செய்தி அனுப்பியவன் நான். அதில் முதல் பதின்மூன்று வருஷமும் இதே வார்த்தையைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லாமல் ஆக்கியது ஒரு புத்தகம். அதை எழுதியவரைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டும் என்று அன்றைக்குப் பேருந்தில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன்.

பாலகும்மி சாய்நாத். பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2007இல் மகசேசே விருது வாங்கியவர், விவசாயிகள் தற்கொலை பற்றி எழுதியவர் என்று தெரிந்திருக்கும். அந்த அளவில் தெரிந்துகொண்டு நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

1957இல் சென்னையில் பிறந்தவர். குடியரசுத் தலைவராக இருந்த வி.வி.கிரியின் பேரன். லயோலாவில் படித்து, டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாறு முடித்து, 1980இல் யு.என்.ஐ. செய்தி நிறுவனத்தில் சேர்ந்தார். பிறகு பம்பாயில் 'பிளிட்ஸ்' வார இதழ். அங்கே வெளிநாட்டு விவகாரங்களின் ஆசிரியர், துணை முதன்மை ஆசிரியர் என்று பத்து வருஷம். முப்பத்தைந்து வயதில் பம்பாயில் ஒரு பத்திரிகையின் துணை முதன்மை ஆசிரியர் என்றால், அதற்கு மேல் உட்கார்ந்த இடத்திலேயே வாழ்க்கையை ஓட்டிவிடலாம். அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்தார்.

1993இல் டைம்ஸ் ஆஃப் இந்தியா ஒரு ஆய்வு நல்கை அறிவித்திருந்தது. இந்தியாவின் மிக ஏழ்மையான மாவட்டங்களுக்குப் போய் எழுதுகிறேன் என்று விண்ணப்பித்தார். நேர்காணலில் ஆசிரியர் கேட்டாராம், எங்கள் வாசகர்களுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்று. வாசகர்கள் சார்பாக இப்படிச் சொல்கிறீர்களே, அவர்களைக் கடைசியாக எப்போது நேரில் பார்த்தீர்கள் என்று இவர் திருப்பிக் கேட்டாராம். நல்கை கிடைத்தது. ஐந்து மாநிலங்களில் பத்து மாவட்டங்கள். கிட்டத்தட்ட 1 லட்சம் கிலோமீட்டர் பயணம், பதினாறு வகை வாகனங்கள், அதில் 5,000 கிலோமீட்டர் கால்நடையாக. 84 கட்டுரைகள் அந்தப் பத்திரிகையில் வந்தன. அவற்றில் பலவற்றைச் சேர்த்து 1996இல் பெங்குவின் புத்தகமாகக் கொண்டுவந்தது. 'நல்ல வறட்சி என்றால் எல்லோருக்கும் பிடிக்கும்' என்று சொல்கிற மாதிரி ஒரு தலைப்பு. அந்தப் பத்து மாவட்டங்களில் இரண்டு நம்முடையவை: புதுக்கோட்டை, ராமநாதபுரம்.

கிலோமீட்டர் கணக்கைப் படித்து வியந்துவிட்டுப் போய்விடாதீர்கள். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். அவர் கற்றுக்கொடுத்த விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. அவர் எந்த மாதங்களில் போனார் என்று பாருங்கள். நாமெல்லாம் எப்போது கிராமத்துக்குப் போவோம்? நடவு நேரம், அறுவடை நேரம், வெள்ளம் வந்தால், வெட்டுக்குத்து நடந்தால், அமைச்சர் வந்தால். அவர் வயலில் வேலை இல்லாத மாதங்களைத் தேர்ந்தெடுத்துப் போனார். வருஷத்தில் இருநூறிலிருந்து இருநூற்று நாற்பது நாள் நிலத்தில் வேலை கிடையாது. அந்த நாட்களில் இந்த மக்கள் எதைத் தின்று, என்ன செய்து உயிரோடு இருக்கிறார்கள்? அவர் எடுத்துக்கொண்டு போன கேள்வி இது. 'இங்கே என்ன நடந்தது' என்று அவர் கேட்கவில்லை. அதனால் 'ஒன்றும் நடக்காத' ஊர் என்று ஒன்று அவருக்கு இருக்கவே முடியாமல் போயிற்று.

அந்தக் கேள்வியோடு போனவருக்குக் கண்ணில் பட்டவற்றைச் சொல்கிறேன். அப்போது பீகாரில் இருந்த கோட்டா மாவட்டத்தில், நிலக்கரிச் சுரங்கப் பகுதியிலிருந்து சைக்கிளில் 200 கிலோவுக்கும் மேல் கரியை ஏற்றிக்கொண்டு வெகுதூரம் தள்ளிக்கொண்டே போய் விற்கிறவர்கள். சைக்கிளில் ஏறி உட்காரவே முடியாது, தள்ளத்தான் முடியும். அத்தனையும் செய்து அவர்கள் கையில் நின்றது நாளுக்குப் பத்து ரூபாய் அளவில். அந்தச் சாலையில் அதிகாரிகள் தினமும் காரில் போயிருப்பார்கள். செய்தியாளர்களும் போயிருப்பார்கள். தினமும் பார்க்கிற காட்சி செய்தி ஆகுமா என்று கேட்டுக்கொண்டே போயிருப்பார்கள்.

நம் ராமநாதபுரத்தில் ஒரு பனையேறியோடு நாள் முழுக்க இருந்திருக்கிறார். எத்தனை மரம், ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம், ஒரே மரத்தை ஒரு நாளில் எத்தனை தடவை ஏற வேண்டியிருக்கிறது என்று கூட்டிப் பார்த்து, ஒருநாளில் அந்த மனிதர் ஏறி இறங்குவது இருநூறு மாடிக்கும் மேலான கட்டடத்தைப் படிக்கட்டு வழியாக ஏறி இறங்குவதற்குச் சமம் என்று எழுதினார். தம்பிகளே, என் சித்தப்பா பனையேறி. விடியும் முன்னே பாளை அரிவாளோடு கிளம்பிப் போவார். நெஞ்சிலும் காலிலும் காய்ப்புக் காய்த்து மரப்பட்டை மாதிரி இருக்கும். சின்ன வயதில் அவர் கொண்டுவரும் பதநீருக்காகத் தோப்பிலேயே காத்துக்கிடப்பேன். ஒருநாள்கூட அவர் எத்தனை மரம் ஏறுகிறார் என்று நான் எண்ணியதில்லை. பம்பாயிலிருந்து வந்த ஒருவர் எண்ணினார். அந்தப் பக்கத்தைப் படித்தபோது சித்தப்பா இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

அரசுத் திட்டங்களைப் பற்றிய கட்டுரைகளை நீங்கள் ஒவ்வொருவரும் தேடிப் படிக்க வேண்டும். ஒடிசாவின் கலஹாண்டிப் பக்கம் பால்வளத்தைப் பெருக்கப் போகிறோம் என்று ஒரு திட்டம். ஜெர்சிக் கலப்பினம் உருவாக்குவதற்காக அந்த வட்டாரத்தின் நாட்டுக் காளைகளையெல்லாம் காயடித்துவிட்டார்கள். கரியார் காளை என்று அந்த மண்ணுக்கே உரிய இனம். 2 கோடி ரூபாய் செலவழித்து, இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் பிறந்திருந்தவை எட்டுக் கன்றுகள். கூடுதலாக ஒரு லிட்டர் பால் இல்லை. நாட்டு இனமும் போயிற்று. சர்குஜா மாவட்டத்தில் இன்னொரு கதை. பழங்குடியினருக்கான நிதியில் ஒரு சாலை போட வேண்டும் என்றால் அங்கே பழங்குடி வசிக்க வேண்டும். பஹாடி கோர்வா இனத்தைச் சேர்ந்த ஒரே ஒரு குடும்பம் அந்தப் பக்கம் இருந்தது. அந்தக் குடும்பத்தவர் ஒருவர் பெயரைச் சொல்லி அவர் குடிசைக்கு 17.44 லட்சம் ரூபாயில் சாலை. அவர் கேட்டதோ சாலை இல்லை, தன் நிலத்துக்குக் கொஞ்சம் தண்ணீர். ஒடிசாவின் சிக்காபார் என்ற ஊர் வளர்ச்சித் திட்டங்களுக்காக மூன்று முறை இடம்பெயர்க்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிய இடத்துக்கு அதே பழைய பெயரை வைத்துக்கொண்டார்கள் அந்த மக்கள்.

இவற்றில் எதற்கும் ரகசிய ஆவணம் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். திட்டத்தின் பெயர் திறப்பு விழாச் செய்தியாக ஏற்கெனவே எல்லாப் பத்திரிகையிலும் வந்ததுதான். விழா முடிந்து இரண்டு வருஷம் கழித்து ஒருவர் அங்கே போய், எத்தனை கன்று பிறந்தது என்று கேட்டார். நம் கைவசம் எத்தனை திறப்பு விழாச் செய்திகள் கிடக்கின்றன!

கலஹாண்டியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ராமநாதபுரத்துக்காரர்களுக்கு அது உறைக்கும். ஒரு பெண் தன் நாத்தனாரை 40 ரூபாய்க்கு விற்றார் என்று 1985இல் வந்த செய்தி நாட்டையே உலுக்கியது. பிரதமரே அங்கு போனார். அதன்பிறகு கலஹாண்டி என்றாலே பட்டினி, வறட்சி, மழையில்லாத பூமி என்று ஆகிவிட்டது. சாய்நாத் மழைக் கணக்கை எடுத்துப் பார்த்தார். அங்கே நம்மைவிட அதிகம் மழை பெய்கிறது. தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் ஒடிசாவின் சராசரியையும் நாட்டின் சராசரியையும்விட அந்த மாவட்டம் அதிகமாகவே உணவு விளைவிக்கிறது என்று எழுதினார். அப்படியானால் பட்டினி எங்கிருந்து வந்தது? நிலம் யாரிடம், கடன் யாரிடம், விளைந்தது யார் கைக்குப் போகிறது என்று போனது அந்தத் தேடல். பட்டினிச் சாவு நிகழ்ந்தால் பத்திரிகைக்காரர்கள் ஓடிப்போகிறோம், பட்டினி கிடக்கும்போது போவதில்லை, சாவு ஒரு நிகழ்ச்சி, பட்டினி ஒரு நடப்பு, நமக்கு நிகழ்ச்சிதான் கண்ணுக்குத் தெரிகிறது என்பது அவர் திரும்பத் திரும்ப வாதிட்ட விஷயம்.

புத்தகத் தலைப்பின் கதையும் இங்கேதான் வருகிறது. அந்தப் பத்து மாவட்டங்களில் ஒன்றான பலாமு பக்கத்தில் 'தீஸ்ரி ஃபசல்' என்பார்களாம். மூன்றாம் போகம். முதல் போகம் காரிஃப், இரண்டாவது ரபி, மூன்றாவது வறட்சி நிவாரணம். அந்த மூன்றாம் போகத்தை அறுவடை செய்கிறவன் விவசாயி இல்லை. ஒப்பந்தக்காரரும், அவருக்கு வேண்டியவர்களும். வறட்சிப் பகுதி என்று அறிவிக்கப்படுவதற்குப் போட்டி போட்டுக்கொண்டு செல்வாக்கைப் பயன்படுத்துகிறார்கள் என்றும், மகாராஷ்டிரத்தில் கரும்பு அமோகமாக விளையும் வட்டாரங்கள்கூட வறட்சிப் பட்டியலில் இருக்கின்றன என்றும் எழுதினார்.

1997 பங்குனியில், வங்கி ஊழியராக இருந்த ஒரு நண்பர் இந்தப் புத்தகத்தை எனக்குக் கொடுத்தார். என் ஆங்கிலத்துக்கு அகராதி பக்கத்தில் வேண்டும். இரண்டு மாதம் பிடித்தது. முடித்ததும், நான் அனுப்பிய செய்திகளை ஒட்டி வைத்திருந்த நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். பதின்மூன்று வருஷத்தில் வறட்சி பற்றி எத்தனையோ செய்தி. எல்லாமே ஒரே வாக்கியம். இந்த ஒன்றியத்துக்கு இத்தனை லட்சம் ஒதுக்கீடு, கண்மாய் மராமத்துக்கு இத்தனை, குடிநீர் லாரி இத்தனை நடை. ஒதுக்கியதைச் சொன்னவர் அதிகாரி, எழுதியவன் நான். எந்தக் கண்மாய் என்று ஒரு செய்தியிலும் பெயர் இல்லை. கரையில் ஏறி மண் வெட்டப்பட்டிருக்கிறதா என்று ஒரு தடவையும் பார்க்கவில்லை. மராமத்து நடந்ததாக நான் எழுதிய கண்மாய்களில் சில இன்றைக்கும் உள்வாய் முழுக்கச் சீமைக் கருவையாகத்தான் நிற்கின்றன. அந்த நோட்டுகளை மூடி வைத்தபோது நான் அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

மறுவாரம் மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்குப் போனேன். ராமநாதபுரத்து வத்தல் சந்தையில் தரகரின் பிடியைப் பற்றி சாய்நாத் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற இடம். ஆனால் அன்றைக்குத்தான் பார்த்தேன். சாக்கு அவிழ்த்ததும் 'மாதிரி' என்று அள்ளுகிற கை, அள்ளியது திரும்பி வராதது, துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசுவது, வத்தலுக்கு உரியவர் தன் சரக்கு என்ன விலைக்குப் போகிறது என்று தெரியாமல் ஓரமாகக் குந்தியிருப்பது. விதைக்கும் உரத்துக்கும் அதே கடையில் முன்பணம் வாங்கியிருப்பதால் வேறு கடைக்குச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போக அவருக்கு வாய் இல்லை. ஐந்து நாள் போனேன். பதினொரு பேரிடம் கணக்குக் கேட்டு எழுதினேன். நான் வேலை பார்த்த பத்திரிகை அதை நாலு வரியாகச் சுருக்கிப் போட்டது. 'மிளகாய் வரத்து அதிகரிப்பு' என்று தலைப்பு. கமிஷன் கடைக்காரர்களின் தீபாவளி விளம்பரம் பற்றி யாரும் என்னிடம் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அந்த முழுக் கட்டுரையும் என் கையெழுத்தில் இன்னும் இருக்கிறது.

உங்களுக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். அவருக்கு நல்கை இருந்தது, ஆங்கிலப் பத்திரிகை இருந்தது, குடும்பப் பின்னணி இருந்தது. நமக்கு சென்டிமீட்டர் கணக்கில் காசு, அதுவும் மூன்று மாதம் தள்ளி. பெட்ரோல் நம் காசு. உண்மைதான், மறுக்க மாட்டேன். அவரைப் படித்துவிட்டு வேலையை விட்டுவிட்டு நடக்கக் கிளம்புங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: அவர் அந்த மாவட்டங்களுக்கு விருந்தாளியாகப் போனார், நீங்கள் அங்கேயே குடியிருக்கிறீர்கள். அவர் ஒரு மாவட்டத்தில் சில மாதங்கள் இருந்து தேடிக் கண்டது உங்கள் வீட்டு வாசலில் கிடக்கிறது. இது அவருக்கும் தெரிந்திருக்கிறது. அந்தப் புத்தகத்தின் உரிமத் தொகையை அவர் கிராமப்புறச் செய்தியாளர்களுக்குப் பரிசு கொடுக்கத்தான் பயன்படுத்தினார்.

புதுக்கோட்டைச் சைக்கிள் கதையைச் சொல்லாமல் விட்டால் அவர் வறுமையை மட்டும் எழுதியவர் என்று நினைத்துவிடுவீர்கள். 1991இல் அறிவொளி இயக்கம். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியர். எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுக்கலாம் என்று அங்கே ஒரு யோசனை உருவாகி, அது காட்டுத்தீயாகப் பரவியது. கல் உடைக்கிற பெண்கள், வயலில் கூலி வேலை செய்கிறவர்கள், முஸ்லிம் வீட்டு இளம்பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள், எல்லோரும் சைக்கிளில் ஏறினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு நகருக்குள் வந்தார்கள்.

அதை அன்றைக்கே நாம் படத்தோடு போட்டுவிட்டோம். சாய்நாத் பின்னால் வந்து, பேரணி முடிந்தபிறகு என்ன ஆயிற்று என்று பார்த்தார். பேருந்துக்குக் காத்திருக்கிற நேரம் மிச்சமாவதால் அந்தப் பெண்கள் கூடுதலாக நாலு ஊருக்குப் போய்ச் சரக்கு விற்க முடிகிறது, தண்ணீர் எடுக்க முடிகிறது, யாரையும் கேட்காமல் கிளம்ப முடிகிறது என்று கண்டார். ஒரு சைக்கிள் கடையில் பெண்கள் சைக்கிள் விற்பனை ஒரே வருஷத்தில் 350 சதவீதம் கூடியிருந்தது. பெண்கள் சைக்கிள் போதாமல் பலர் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். அதிலே எனக்கு மறக்காத ஒரு விவரம்: நடுவில் கம்பி இருக்கும் ஆண்கள் சைக்கிள்தான் வசதி என்று சில பெண்கள் சொன்னார்களாம். அந்தக் கம்பியில் பிள்ளைக்கு ஒரு சின்ன இருக்கை போட்டுக்கொள்ளலாம். கேட்டால் மட்டுமே கிடைக்கிற விவரம் இது. மேடையிலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் இருக்காது. இந்தக் கட்டுரை பிறகு இந்தியில் எட்டாம் வகுப்புப் பாடமாக வந்தது. நம் பக்கத்து ஊர்ப் பெண்கள் சைக்கிள் ஓட்டிய கதையை வடநாட்டுப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள்.

2004இலிருந்து பத்து வருஷம் அவர் 'தி இந்து'வின் கிராமப்புற விவகாரங்களுக்கான ஆசிரியர். அப்படி ஒரு பொறுப்பே இந்தியப் பெரும் பத்திரிகைகளில் எங்கும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. விதர்பாவிலும் ஆந்திரத்திலும் தற்கொலை செய்துகொண்ட விவசாயிகளின் வீடுகளுக்குப் போனார். ஒன்றிரண்டு வீடு இல்லை, நூற்றுக்கணக்கான வீடுகள். அந்த நேரத்தில்தான் 2006இல் மும்பையில் ஒரு ஆடை அலங்காரத் திருவிழா நடந்தது. அதற்கு அனுமதிச் சீட்டு வாங்கிய செய்தியாளர்கள் 512 பேர். மேடையில் பருத்தி ஆடைகள். விமானத்தில் ஒருமணி நேரத் தூரத்தில், விதர்பாவில், பருத்தி விளைவித்தவர்கள் பூச்சிமருந்தைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்த வெளியூர்ச் செய்தியாளர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கண்ணீர்க் கதைகளை எழுதிவிட்டு அவர் நிறுத்தவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் வெளியிடும் அட்டவணையை எடுத்தார். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பொருளாதார அறிஞர் கே.நாகராஜ் அந்த எண்களை மாநிலம் மாநிலமாகப் பிரித்து ஆராய்ந்தார். அந்த ஆய்வைச் சாய்நாத் தன் கட்டுரைகள் வழியாக நாடு முழுக்கக் கொண்டுபோனார். 1995இலிருந்து 2010 வரை தற்கொலை செய்துகொண்ட விவசாயிகள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். அதிலும் எல்லோரும் அடங்கவில்லை என்றார். நிலம் கணவன் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தால், வயலே கதியென்று கிடந்த பெண் செத்தாலும் 'விவசாயி' என்ற கட்டத்தில் வரமாட்டாள். குத்தகைக்காரனும் பல இடங்களில் அப்படித்தான் விடுபட்டுப் போவான். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையைப் பார்த்துச் செய்தி எழுதுகிறவர்கள் நாம். 'வயிற்றுவலி தாங்காமல்' என்று எத்தனை முறை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறோம். இறந்தவருக்கு எங்கே எவ்வளவு கடன் என்று எத்தனை முறை வீட்டில் கேட்டிருக்கிறோம்.

நம் தொழிலையும் அவர் விட்டுவைக்கவில்லை. 2009 மகாராஷ்டிரத் தேர்தல் நேரத்தில், முதலமைச்சரைப் புகழும் ஒரே கட்டுரை எழுத்து மாறாமல் போட்டிப் பத்திரிகைகளில் வெவ்வேறு செய்தியாளர்களின் பெயரில் வந்ததைப் பக்கத்தில் பக்கம் வைத்துக் காட்டினார். காசு வாங்கிக்கொண்டு செய்தி போடும் வியாபாரத்தைப் பற்றி பிரஸ் கவுன்சில் விசாரித்ததற்கு அந்தக் கட்டுரைகள் பெரிய காரணம். அதே வருஷம் பத்ம பூஷண் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பின்னால் ஒரு மாநில அரசின் வாழ்நாள் சாதனை விருதையும் மறுத்தார். செய்தியாளன் அரசுக்கு வெளியே நிற்கும் தணிக்கையாளன், தான் தணிக்கை செய்கிறவரிடம் பரிசு வாங்கக் கூடாது என்பது அவர் நிலை. பேட்டி முடிந்ததும் கவர் நீட்டப்படும் இடங்களில் நீங்கள் நிற்கிறீர்கள். வாங்காதவர்களும் உங்களில் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். பெட்ரோல் காசுக்கு வழியில்லாமல், நீட்டிய கவரைத் தள்ளிவிட்டு பைக்கைத் தள்ளிக்கொண்டு போனவனை நான் பார்த்திருக்கிறேன். அவன் மறுத்ததும் பத்ம பூஷணை மறுத்ததும் என் மனதில் ஒரே தட்டில்தான் இருக்கின்றன.

அவர் எழுதியதிலெல்லாம் எனக்கு உடன்பாடு என்று நினைக்க வேண்டாம். கோபம் முந்திக்கொள்கிற இடங்கள் அவர் எழுத்தில் உண்டு. பத்திரிகைகளையும் உலகமயத்தையும் நேராகச் சாடுகிற அவருடைய பொதுக் கட்டுரைகள், அந்தக் கரி சைக்கிள்காரரைப் பற்றிய சில பக்கங்கள் செய்ததை என்னிடம் செய்யவில்லை. அவர் ஒதுங்கி நின்று ஒரு மனிதரின் வேலையை நமக்குக் காட்டும்போதுதான் என் நெஞ்சு அடைக்கிறது. ஆகவே அவருடைய மேடைப் பேச்சுகளில் தொடங்காதீர்கள். அந்த முதல் புத்தகத்தின் சின்னச் சின்னக் கட்டுரைகளில் தொடங்குங்கள். இரண்டு மூன்று பக்கம்தான் ஒவ்வொன்றும்.

2014 டிசம்பர் 20 அன்று அவர் 'பாரி' என்ற கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். தமிழிலும் வருகிறது, காசு கொடுக்க வேண்டியதில்லை. மறைந்துகொண்டிருக்கிற தொழில்கள், பேச்சுகள், மராத்தியப் பெண்கள் திருகையில் மாவு அரைத்துக்கொண்டே பாடிய ஆயிரமாயிரம் பாட்டுகள் என்று சேர்ந்துகொண்டே இருக்கின்றன. அவர் தனியாக நடந்த பாதையில் இப்போது நிறையப் பேர் நடக்கிறார்கள். 2022இல் அவருடைய அடுத்த பெரிய புத்தகம் வந்தது: பெயர் வெளியில் தெரியாத சுதந்திரப் போராட்டக்காரர்களைப் பற்றியது. சமைத்துப் போட்டவர்கள், கடிதம் சுமந்தவர்கள், கம்பு எடுத்து நின்ற பழங்குடிப் பெண்கள். நம் நல்லகண்ணு ஐயாவும் சங்கரய்யா ஐயாவும் அதில் இருக்கிறார்கள். பல வருஷம் தேடித் தேடிச் சந்தித்து எழுதியது அது. தொண்ணூறு வயது தாண்டியவர்களிடம் அடுத்த வருஷம் வருகிறேன் என்று சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சங்கரய்யா 2023 நவம்பரில் காலமானார். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தவர்கள் நம்மில் எத்தனை பேரோ.

மரத்தடியில் நின்ற அந்தத் தங்கைக்கு: உன் ஏரியாவில் ஒன்றும் நடக்கவில்லை என்றாய். தை பிறந்துவிட்டது, அம்மா. நெல் அறுப்பு முடிந்தால் அடுத்த ஆடி வரை உன் ஒன்றியத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு நிலத்தில் வேலை இருக்காது. கரிமூட்டத்துக்குப் போகிறவர்கள் யார், திருப்பூர் போகிறவர்கள் யார், நூறுநாள் வேலைச் சம்பளம் யாருக்கு எத்தனை வாரமாக வரவில்லை, கந்துக்காரர் எந்தக் கிழமை வருகிறார், இதில் ஒன்றை மட்டும் எடு. ஒரே ஊர், ஒரே வீடு. மாதம் ஒருமுறை போ. டெஸ்க் போடாவிட்டாலும் தேதி போட்டு நோட்டில் எழுது.

மாசிக் கடைசியில் வத்தல் வரத்துத் தொடங்கும். முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் செய்தி போட்டீர்கள், பார்த்தேன். அதன்பிறகு கமிஷன் கடையில் துண்டுக்கடியில் நடக்கிற விரல் பேச்சில் என்ன மாறியிருக்கிறது என்று நான் மறுபடி போய்ப் பார்க்கப் போகிறேன். 1997இல் எழுதிய பதினொரு பேரின் கணக்கும் என்னிடம் இருக்கிறது. அதில் நாலு பேர் உயிரோடு இருக்கிறார்கள், வீடு தெரியும். எனக்கு இப்போது முழங்கால் சரியில்லை, தனியாக அலைய முடியவில்லை. யாராவது கூட வருவதானால் முதுகுளத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் காலை ஆறு மணிக்கு இருப்பேன். நோட்டு என்னுடையதே இருக்கிறது, பேனா மட்டும் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தாலுகா செய்தியாளர்,
முதுகுளத்தூர்